உயிரோடிருந்தவருக்குச் செய்த கருமாதி

என் புருஷனுக்கு நாங்கள் கருமாதி செய்த அன்று அவர் கொழும்பில் ஒரு மளிகைக் கடையில் புளி நிறுத்துக்கொண்டிருந்தார். அது வீட்டில் மாமனார், மாமியார், நான் மூன்று பேருக்குத்தான் தெரியும். வந்து அழுத மற்றவர்கள் எல்லாரும் நிஜமாகவே அழுதார்கள்.

அவர் திருநெல்வேலியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. சாயங்காலமானால் ஆற்று மணலில் நடக்கும் சுதேசிக் கூட்டத்துக்குப் போய்விடுவார். வீட்டில் சீனி வாங்க விடமாட்டார், சீமைச் சரக்காம். விருந்தாளிக்கும் கருப்பட்டிக் காப்பிதான். அந்தப் பிடிவாதத்தை நான் கேலி செய்ததுண்டு. பிறகு தலைவர்களைப் பிடித்துவிட்டார்கள் என்று ஊர் கொதித்தது. கடைகளை அடைத்தார்கள், சர்க்கார் ஆபீஸ்கள் எரிந்தன, போலீஸ் சுட்டதில் ஆட்கள் செத்தார்கள். அன்று அவர் சட்டையெல்லாம் புகை வாசனையோடு வந்தார். தீ வைத்தாரா, அணைத்தாரா என்று நான் கேட்கவில்லை. மறுநாள் கடலோர உவரிக்குத் திரும்பும் கருவாட்டு வண்டியில், வெறுங்கூடைகளுக்கு அடியில் படுத்துப் போனார். மீன் வாடை பட்டாலே குளிக்கிற மனுஷர். சில வாரம் கழித்து அதே வண்டிக்காரர் வாசலில் நின்று, "சரக்கு கொழும்பு போய்ச் சேந்துட்டு அண்ணாச்சி. மளிகைக் கடையில எறக்கியாச்சு" என்று மாமனாரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

போலீஸ் விடவில்லை. வாரம் தவறாமல் வந்து அரிசிப் பானையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தார்கள். மாமனாரை ஸ்டேஷன் வாசலில் நாள் முழுக்க வெயிலில் நிற்க வைத்தார்கள். என் தலையில் பூவைப் பார்த்தால் ஏட்டையா சிரிப்பார். "புருஷன் வந்துட்டுப் போனானோ?" என்பார். நாத்தனாருக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் கைவிரித்துவிட்டார்கள். போலீஸ் ஏறி இறங்குகிற வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

ஒருநாள் மாமனார் என்னைக் கூப்பிட்டார். கடலில் தோணி கவிழ்ந்து மகன் இறந்துவிட்டான் என்று ஊருக்குச் சொல்லிவிடலாம் என்றார். உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து எரிப்பது வழக்கம்தான்.

"அழுதாப் போதாதா மாமா?" என்றேன்.

"போலீசுக்காரன் நம்ம வாய நம்பமாட்டாம்மா. ஒன் கழுத்தைத்தான் நம்புவான். அவன் வந்த அன்னைக்கே திரும்பக் கெட்டிக்கிடலாம். நான் இருக்கேன்லா."

மகனுக்கு இதைத் தெரிவிக்கவும் கூடாது என்றார். தெரிந்தால் ஓடி வந்து மாட்டிக்கொள்வாராம். அதிலும் நியாயம் இருந்தது. என்னைத் தவிர எல்லாருக்கும் அதில் நியாயம் இருந்தது.

தாமிரபரணிக் கரையில் தர்ப்பை எரிந்தது. வீட்டில், தாலியறுத்த பெரியம்மாமார் என்னைச் சுற்றி உட்கார்ந்து என் தாலியைக் கழற்றினார்கள். பொய்யாக அழத்தான் உட்கார்ந்தேன். கழுத்தில் கை பட்டதும் எனக்கே பொய் மறந்துவிட்டது. ஏட்டையா தலைப்பாகையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அதற்குப் பிறகு அவர் எங்கள் தெருவுக்கு வரவில்லை. தாலியை மாமியார் ஒரு துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தார்.

பொய் நன்றாகவே வேலை செய்தது. வருஷம் திரும்பியதும் நாத்தனாருக்குக் கல்யாணம் ஆனது. மணவறைப் பக்கம் என்னை விடவில்லை. கலெக்டரைச் சுட்டுக் கொன்றபோது வீடு வீடாகச் சோதனை போட்டார்கள், எங்கள் வீட்டை மட்டும் தாண்டிப் போனார்கள். வெளியே கிளம்பும்போது நான் எதிரே வந்தால் திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவர்களில் மாமியாரும் ஒருவர். உண்மை தெரிந்த மாமியார்! நடிக்க நடிக்க அவருக்கு அது பழகிவிட்டது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வாக்குக் கொடுத்த மாமனார், ஜெர்மன் சண்டை தொடங்கிய வருஷம் போய்ச் சேர்ந்தார். கொள்ளி வைத்தது பங்காளி வீட்டுப் பையன்.

மறு கோடையில் ஒருநாள், உச்சி வெயிலில், "பத்தமடைப் பாயி!" என்று வாசலில் ஒரு குரல். அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? கதவைத் திறந்தேன். தலையில் பாய்க்கட்டு, தாடி, ஒட்டிப்போன கன்னம். சிரிக்க ஆரம்பித்தவர் என் வெள்ளைச் சேலையையும் கழுத்தையும் பார்த்து நிறுத்திவிட்டார்.

"என்னளா கோலம் இது? யாரு போயிட்டா?"

"நீங்கதான்" என்றேன்.

சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் துணி முடிச்சை எடுத்தேன். திரும்பினால் மாமியார் வழியை மறித்து நிற்கிறார். மகனைப் பார்த்துவிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் கதவு நிலையைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. அடுத்த அறையில் நாத்தனார் பிரசவத்துக்கு வந்து படுத்திருந்தாள்.

"பைய, பைய. உள்ள பிள்ளத்தாச்சி கெடக்கா. செத்தவன் வந்துட்டாம்னு தெரிஞ்சா அவள அவுக வச்சிருப்பாகளா? போலீசு நம்மள விடுமா? ஒனக்கு எல்லாம் பழகிட்டுல்லா, தாயி."

வாசலில் நின்றவருக்கு எல்லாம் கேட்டிருக்கும். மாமியார் இலையில் சோறு கொண்டுபோய்ப் படியில் வைத்தார், யாரோ பாய்க்காரருக்குப் போடுவதுபோல். அவர் தெருவைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். "அப்பா எங்க?" என்று மட்டும் கேட்டார். நான் தலையை அசைத்தேன். எழுந்தபோது பாய்க்கட்டிலிருந்து ஒன்றை உருவி என் பக்கம் வைத்தார். போயிட்டு வாரேன் என்று சொல்லித்தான் எங்கள் ஊரில் யாரும் படியிறங்குவார்கள். அவர் சொல்லவில்லை.

முடிச்சை மறுபடி அரிசிக்குள் வைத்தேன். அதன்பின் அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

சுதந்திரம் வந்த வருஷம் கொடியோடு சிலர் வீட்டுக்கு வந்து, தியாகியின் மனைவி என்று எனக்குச் சால்வை போர்த்தினார்கள். "ஐயா எந்த வருஷம் எறந்தாக?" என்று ஒருவர் பணிவாகக் கேட்டார்.

எனக்கு எப்படித் தெரியும்? கருமாதி செய்த வருஷத்தைச் சொன்னேன்.