ஏரிக்கரையில் சிக்னல் போனது

எங்கள் டீம் எழுதும் புரோகிராம் எல்லாம் இருக்கிற சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. யார் எதை மாற்றினாலும் பழையதும் அதில் பத்திரமாக இருக்கும். புது வெர்ஷனை ஏற்றுவதும் நான்தான்.

இன்று காலை நைட் ஷிஃப்ட் முடியும்போது ஒரு கிளினிக்கின் டோக்கன் ஆப்பில் புது வெர்ஷனை ஏற்றிவிட்டு, வீட்டுக்குப் போக வில்லியனூரில் பாகூர் பஸ் ஏறினேன். வழியில் கவிதா கூப்பிட்டாள். டீமில் புதிதாகச் சேர்ந்தவள்.

"அக்கா, டோக்கன் வரலையாம். கிளினிக்ல பேஷன்ட்டுங்க நிக்கிறாங்க. இன்னா பண்றது?"

"பழைய வெர்ஷன..." என்பதற்குள் சிக்னல் போய்விட்டது.

பதறினேன். பதறியும் பயனில்லை என்று பிறகு புரிந்தது. வெளியே பாகூர் ஏரி நிறையத் தண்ணீர். அதில் வானம் கிடந்தது. கொக்குகள் அந்த வானத்தில் நின்றுகொண்டிருந்தன. பஸ் ஓடுவதே தெரியவில்லை. ஒன்றும் செய்யாமல் இப்படி உட்கார்ந்து எவ்வளவு காலமாயிற்று.

ஊருக்குள் நுழைந்ததும் சிக்னல் வந்தது. பயந்துகொண்டே கூப்பிட்டேன்.

"பழசயே ஏத்திட்டேன்க்கா. டோக்கன் வருது. நீ இன்னும் வூட்டுக்குப் போவலையா?"

நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

இதைவிட நீளமாக சிக்னல் இல்லாத பஸ் ரூட் தெரிந்தவர்கள் கமென்டில் சொல்லுங்கள்.