போர்டுக்கு அடியில் இருந்த பை

என் கையெழுத்து நன்றாக இருக்காது. பிழைகளும் நிறைய இருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டவன் நான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் தொழிற்சாலைப் பெட்டிகளின் மேல் ஒட்டும் சீட்டில் எண்களும் தேதியும்தான்.

பாயான் லெப்பாஸில் கம்ப்யூட்டர் போர்டு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பேக்கிங் பகுதியில் பதினாறு வருடமாக இருக்கிறேன். உடம்பில் இருக்கும் மின்சாரம் போர்டில் பாயாமல் இருக்க மணிக்கட்டில் கம்பிப் பட்டையை மாட்டிக்கொண்டு, வருகிற போர்டை மினுங்கும் சாம்பல் நிறப் பைக்குள் போட்டு, வாயை ஒட்டி, பெட்டியில் அடுக்க வேண்டும். போர்டு இரும்பில் படக்கூடாது. பை இல்லாமல் ஒரு நிமிடம்கூட இருக்கக்கூடாது. இது எனக்குச் சாப்பிடும் முன் கை கழுவுவது மாதிரி ஆகிவிட்டது.

பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் நானும் மகனும் மட்டும்தான். மனைவி போன வருடத்துக்கு முந்தைய வருடம் இறந்துபோனாள். குளியலறையில் மயங்கி விழுந்தபோது நான் வேலையில் இருந்தேன். மகன்தான் வீட்டில் இருந்தான். கார் தேடிக் கீழே ஓடி, மூன்று வீட்டுக் கதவைத் தட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். நேரமாகிவிட்டது என்று சொன்னார்கள். அவனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆறுதலாகவும் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் பேசுவது குறைந்தது. சோறு இருக்கிறதா, இருக்கிறது. கதவைப் பூட்டு, பூட்டிவிட்டேன். அவ்வளவுதான். அவன் படிப்பை முடித்துவிட்டு ஒரு சாமான் கடையில் பாதி நாள் வேலை பார்த்தான். மீதி நேரமெல்லாம் கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடையில். ஒரு நாள் அவனே கேட்டான்.

"வீட்டுல ஒண்ணு இருந்தா நான் வெளிய போவமாட்டேன்பா."

முழுசாக வாங்க முடியாது. பட்டணத்துக் கடைகளில் தனித்தனியாகச் சாமான் வாங்கி நாமே பூட்டலாம் என்றான். இரண்டு மாதம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறை மேசையைத் துடைத்து எல்லாவற்றையும் பரப்பினோம். அவனுக்கு எது எங்கே போகும் என்று தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். போர்டு வந்த பையை எடுத்து, இரண்டாக மடித்து, கத்தரிக்கோலால் அளவாக வெட்டி, திருகு போகும் இடங்களில் மட்டும் ஓட்டை போட்டு, இரும்புப் பெட்டிக்கும் போர்டுக்கும் நடுவில் விரித்தேன்.

"இது எதுக்குப்பா?"

"போர்டு இரும்புல படக்கூடாது. பெக்டரியில மொத நாளே அதான் சொல்லிக் குடுப்பாங்க."

"கடையில பூட்டுறப்போ இப்படி வைக்கலியே."

"கடைக்காரனுக்கு என்னா தெரியும்? நான் பதினாறு வருசம் லா."

"சரி லா, சூப்பர்வைசர்," என்று சிரித்தான். அவள் போன பிறகு அவன் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

மூன்று வாரம் நன்றாக ஓடியது. கார் ஓட்டும் விளையாட்டு ஒன்று வைத்திருந்தான். வளைவில் கார் திரும்பும்போது அவனும் நாற்காலியில் சாய்வான். நான் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டபடி பார்ப்பேன். பேச்சு இல்லை. ஆனால் ஒரே அறையில் இருந்தோம்.

பிறகு நிற்க ஆரம்பித்தது. அரை மணி நேரம் ஓடும், திடீரென்று படம் அப்படியே உறைந்துவிடும். சில நாள் திரை நீலமாகி வெள்ளை எழுத்துகள் வரும். சில நாள் தானாகவே அணைந்து மறுபடி எரியும். அவன் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினான். ரேம் துண்டைக் கழற்றி அதன் செம்பு நிறக் கால்களை அழிரப்பரால் தேய்த்தான். பக்க மூடியைக் கழற்றி மேசை விசிறியை உள்ளே திருப்பி வைத்தோம். பவர் சப்ளையை மாற்றினோம். நிற்பது நிற்கவில்லை.

பெட்டியை மோட்டார்சைக்கிளில் நடுவில் வைத்துக்கொண்டு பட்டணத்துக் கடைக்குப் போனோம். கடைக்காரச் சீனர் அதை மேசையில் படுக்க வைத்து மதியம் முழுவதும் ஓடவிட்டார். ஒரு தடவைகூட நிற்கவில்லை. "பாகுஸ் லா அங்கிள், நல்லாத்தான் இருக்கு," என்று மலாயில் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து மேசைக்கடியில் பழைய இடத்தில் நிமிர்த்தி வைத்தோம். அரை மணி நேரத்தில் நின்றது.

அந்த வாரம் ஒரு நாள் காலை வேலை முடிந்து வந்தேன். அவன் விளையாடிக்கொண்டிருந்தான். நான் சட்டையைக் கழற்றும்போதே படம் உறைந்தது. அவன் மேசையை ஒரு தட்டுத் தட்டினான்.

"நீதான் ரோசாக் பண்ணிட்ட, கெடுத்துட்ட," என்றேன். "ஓயாம ஆடுனா எதுதான் தாங்கும்? உன்ன நம்பி விட்டது எது உருப்பட்டிருக்கு?"

நான் கம்ப்யூட்டரைத்தான் சொன்னேன். ஆனால் சொல்லி முடிக்கும்போதே அது எங்கே போய் விழும் என்று எனக்குத் தெரிந்தது. அவன் என்னைப் பார்த்தான். "ஆமாப்பா," என்றான். அவ்வளவுதான். எழுந்து போய் முகம் கழுவினான். நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். சோறு வைக்கப் போனேன்.

அடுத்த மாதம் கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்ததென்று அங்கேயே அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கம்ப்யூட்டரின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன்.

ஐந்து மாதம் போயிருக்கும். தொழிற்சாலையில் போர்டைச் சோதிக்கும் பகுதியில் ஆள் போதவில்லையென்று பேக்கிங்கில் இருந்த ஒரு அக்காவையும் என்னையும் அனுப்பினார்கள். அந்த அக்கா போர்டைப் பை மேல் வைத்து மின்சாரம் கொடுக்கப் போனார். டெக்னீஷியன் பாய்ந்து வந்து கையைப் பிடித்தார்.

"அக்கா, இது பேக்கிங் இல்ல லா! பை மேல வச்சா கரண்ட் குடுப்பீங்க?"

"பைதானே தம்பி பாதுகாப்பு? பத்து வருசமா அதத்தான சொன்னீங்க?"

"தூங்குற போர்டுக்குத்தான் அது பாதுகாப்பு. முழிச்சிருக்கிற போர்டுக்கு இல்ல. அந்தப் பைக்கு உள்ளாற மெல்லிசா தகடு ஓடுது. போர்டுக்கு அடியில ஈய முனையெல்லாம் ஊசி மாதிரி இருக்கில்ல? குத்திச்சின்னா கரண்ட் கண்ட எடத்துல போவும்."

"அப்ப எது தூங்குது எது முழிச்சிருக்குன்னு ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்க," என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். என் பகுதிக்கு வந்த போர்டு ஒன்றுகூட விழித்திருந்ததில்லை.

வீட்டுக்கு வந்து துண்டை எடுத்தேன். திருகுகளைக் கழற்றிப் போர்டைத் தூக்கினேன். நான் வெட்டிய பை அப்படியே இருந்தது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். ஊசித் துளைகள் வழியாக வெளிச்சம் வந்தது. முதல் மூன்று வாரத்தில் முனைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குத்தி உள்ளே போயிருக்கின்றன. படுக்க வைத்தால் பை கீழே படிந்து முனைகளை விட்டு விலகியிருக்கும். நிமிர்த்தினால், சூட்டில் நெகிழ்ந்து போய் முனைகளில் ஒட்டும். கடைக்காரர் மேசையில் ஏன் ஓடியது என்பதும் புரிந்தது.

பை இல்லாமல் பூட்டினேன். அந்தக் கார் விளையாட்டை எதுவும் தொடாமல் விட்டால் கார் தானாகவே ஓடிக் காட்டும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் போட்டுவிட்டேன். சாயங்காலம் வரை ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. நடுவில் துணி துவைத்துக் காயப்போட்டேன்.

தீபாவளிக்கு மகன் வந்தான். அந்தப் பையை மேசை மேல் வைத்திருந்தேன். சொல்வதற்கு ஒரு வார்த்தையை இரண்டு வாரமாகத் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவனே பையை எடுத்தான். புரட்டிப் பார்த்தான். வெளிச்சத்தில் பிடித்துத் துளைகளைப் பார்த்தான்.

"இதுதானா?"

"ம்."

"இப்ப நிக்கலியா?"

"நிக்கல. நீ எடுத்துக்கிட்டுப் போறியா?"

"ரூம்ல எடம் இல்லப்பா. நாலு பேரு படுக்கிறோம்." பையை மடித்து இருந்த இடத்திலேயே வைத்தான். "இட்லி ஆறிப்போவுது, வாங்க."

சாப்பிட்டோம். ஆட்டுக்கறியில் உப்பு கூடிவிட்டது என்றான். ஆமாம் என்றேன். மத்தியானம் போலப் பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். பஸ் வர நேரமானது. ஃபெரியில் கூட்டமாக இருக்கும் என்றான். இருக்கும் என்றேன். பஸ் வந்தது, ஏறிக்கொண்டான்.

வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் இந்த நோட்டை வாங்கினேன். அடுத்த தடவை அவன் வரும்போது மேசை மேல் வைப்பேன். நீ எதையும் கெடுக்கவில்லை. கம்ப்யூட்டரைக் கெடுத்தது என் கை. அம்மாவுக்கும் நீ செய்ய வேண்டியதெல்லாம் செய்தாய்.

14 நவம்பர் 1999, ஞாயிற்றுக்கிழமை.