தங்கையோடு வந்த குதிரை

இருபத்திரண்டு வருடம் சென்னையில் வாழ்ந்துவிட்டுப் போடிக்குத் திரும்பியபோது என் தங்கை இரண்டு பெட்டியும் ஒரு குதிரையும் கொண்டுவந்தாள்.

அவள் கணவர் இறந்து, நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இத்தா இருந்து முடித்த மறுவாரம் அவளை அழைத்துவர நானே போயிருந்தேன். இரண்டு பேருக்கும் ரயில் டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். அவள் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "அவன் தனியா வரமாட்டாண்ணே" என்றாள். யார் என்று கேட்டேன். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள்.

எங்கள் மாப்பிள்ளை நிக்காஹ் ஆனபோது ஒரு தோல் கடையில் இருந்தார். பிறகு பந்தயக் குதிரை லாயத்தில் வேலைக்குப் போய்விட்டார். குதிரையைக் குளிப்பாட்டுவது, தீனி வைப்பது, விடியுமுன் நடத்திக் கூட்டிப்போவது என்று அவர் காலம் முழுக்க அங்கேதான் கழிந்தது. எங்களைப் பெற்ற அத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. பந்தயம் என்றால் சூது, சூது என்றால் ஹராம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "அவுக ஒருநாளும் பந்தயம் கட்டுனதில்ல அத்தா, குதிரைய மட்டுந்தான் பாத்துக்கிறாக" என்று தங்கை சொல்லிப் பார்த்தாள். அத்தா கேட்கவில்லை. அவர் பேச்சை மீறி நானும் சென்னைக்குப் போகவில்லை. அத்தா காலமான பிறகும் போகவில்லை. ஏன் போகவில்லை என்றால் சொல்லத் தெரியவில்லை.

இத்தனைக்கும் எங்களை ராவுத்தர் என்பார்கள். ராவுத்தர் என்றால் குதிரையேறுகிறவன் என்று பொருள் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டில் ஒருவரும் குதிரையைத் தொட்டதில்லை. தலைமுறையாக ஏலக்காய் வியாபாரம்தான்.

அந்தக் குதிரை மாப்பிள்ளை கையில் வளர்ந்தது. முன்னங்கால் நரம்பு வீங்கி, இனி ஓடாது என்று ஆனதும் முதலாளி அதை அவருக்கே கொடுத்துவிட்டார். கொடுத்த மூன்றாம் மாதம் மாப்பிள்ளை மவுத்தாகிவிட்டார். பந்தயத்தில் அதற்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர். அவர் கூப்பிட்டது "தம்பி" என்று. தங்கையும் அப்படித்தான் கூப்பிடுவாள், பேச்சில் "அவன்" என்பாள். எனக்கும் அதுவே பழகிவிட்டது.

ரயிலை விட்டுவிட்டு லாரியில் வந்தோம். மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் நிறுத்தச் சொல்லி அவள் பின்னால் ஏறித் தண்ணீர் காட்டினாள். ஒவ்வொரு தடவையும் டிரைவர் என் முகத்தைப் பார்ப்பார். நான் ரோட்டைப் பார்ப்பேன்.

ராசிங்காபுரம் போகிற வழியில் எங்களுக்கு ஒரு சின்ன மாந்தோப்பு உண்டு. அதில் ஒரு தகரக் கொட்டகையும் இரண்டு அறை வீடும் சும்மா கிடந்தன. குதிரையை அங்கே இறக்கினோம். செய்தி தெரிந்து பக்கத்து ஊரான சிலமலையிலிருந்துகூட ஆட்கள் வந்து வேலி ஓரம் நின்றார்கள். பந்தயக் குதிரை, அவிழ்த்துவிட்டால் பறக்கும் என்று எல்லாருக்கும் நினைப்பு. எனக்கும்தான்.

தங்கை கயிற்றைக் கழற்றினாள். அவன் பறக்கவில்லை. ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. யாராவது வந்து பிடித்துக் கூட்டிப்போவார்கள் என்று காத்து நின்றான். கால் மணி நேரம் பார்த்துவிட்டு வந்தவர்கள் கலைந்துபோனார்கள். என் மனைவி மட்டும், "ஏங்க, மாடுன்னா பாலாச்சும் கறக்கலாம்" என்றாள்.

"அவனுக்குத் தனியா நிக்கத் தெரியாது மதினி" என்றாள் தங்கை. "பொறந்ததுலருந்து கட்டுத்தறி, கயிறு, ஓட்டம். அம்புட்டுத்தான் தெரியும்."

அன்றைக்கே தோப்பு வீட்டில் தங்கிவிட்டாள். டவுனில் வீடு இருக்கும்போது தோப்பில் எதற்கு என்று மனைவி இரண்டு நாள் பேசினாள், பிறகு அடுப்பும் பாத்திரமும் அனுப்பிவைத்தாள்.

நான் தினமும் காலையில் தோப்புக்குப் போய்வர ஆரம்பித்தேன். தங்கையைப் பார்க்கப் போவதாகத்தான் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவனை வேடிக்கை பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. அவனிடம் இருந்த மரியாதைகளும் கோணல்களும் நான் எந்தப் பிராணியிடமும் பார்க்காதவை. குளம்பைச் சுத்தம் செய்ய அவள் குனிந்தால் முதலில் இடது முன்னங்காலைத் தூக்குவான். அது முடிந்ததும் சொல்லாமலே அடுத்த காலை நீட்டுவான். வரிசை மாறினால் குழம்பிப்போவான். வயிற்றுப் பக்கம் கை வைத்தால் மட்டும் காதைப் பின்னால் மடக்கிப் பல்லைக் காட்டுவான். சேணம் இறுக்கி இறுக்கி அந்த இடத்தில் வெறுப்பு என்று அவள் சொன்னாள். தரையில் முளைத்த புல்லைத் தின்னத் தெரியவில்லை. வேரோடு பிடுங்கி, வாயில் மண் பட்டதும் துப்பிவிடுவான். அவள் அதே புல்லை அறுத்து வாளியில் போட்டால் சாப்பிடுவான்.

ஒருநாள் நான் போனபோது கொட்டகைக்குள்ளிருந்து விசில் சத்தம் கேட்டது. யாரோ ஆள் வந்திருக்கிறான் என்று வேகமாகப் போய்ப் பார்த்தேன். முக்காடு போட்டுக்கொண்டு என் தங்கை விசிலடித்துக்கொண்டிருந்தாள். குதிரை மூத்திரம் பெய்துகொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பந்தயம் முடிஞ்சதும் மூத்திரம் பிடிச்சுச் சோதிப்பாங்கண்ணே, ஊக்க மருந்து குடுத்திருக்கான்னு. விசிலடிச்சா பெய்யணும்னு பழக்கி வச்சிருக்காங்க. இல்லாட்டி அடக்கிக்கிட்டே நிப்பான்."

"உனக்கு யாரு விசில் சொல்லிக் குடுத்தா?"

"அவுகதான். மூணு மாசம் பழகுனேன்."

அவள் சிரித்ததை ஊருக்கு வந்த பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இரவில் அவன் நிலைகொள்ளாமல், ஒரே இடத்தில் நின்றபடி தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருப்பதாக அவள் சொன்னாள். பக்கத்தில் இன்னொரு குதிரை மூச்சுவிடும் சத்தம் இல்லாமல் இருந்து பழக்கமில்லை. அவனுக்கு ஒரு துணை வேண்டும் என்றாள். இன்னொரு குதிரைக்கு நான் எங்கே போவேன்? ஒரு வெள்ளாட்டுக் குட்டியை வாங்கிக் கொட்டகையில் விட்டோம். முதல் நாள் அவன் அதைப் பார்த்துப் பயந்து மூலையில் ஒண்டினான். மூன்றாம் நாள் ஆடு அவன் வாளியில் வாய் வைத்தது. அவன் தலையைத் தூக்கி அதற்கு இடம் விட்டான். ஒரு வாரத்தில் தலையாட்டுவது நின்றது. ஆட்டைப் பார்த்துத்தான் புல் மேயவும் கற்றுக்கொண்டான் என்று தங்கை அடித்துச் சொல்வாள்.

இந்த நேரத்தில்தான் நான் ஒரு தவறு செய்தேன்.

என் சிநேகிதர் ஒருவர், எங்களைப் போலவே ஏலக்காய் வியாபாரி, மகன் கல்யாணத்துக்கு அழைக்க வீட்டுக்கு வந்திருந்தார். தங்கையும் அன்று வீட்டில் இருந்தாள். "மாப்ளே, ஊர்வலத்துக்குக் கம்பத்துலருந்து கட்டக் குதிரை ஒண்ணு சொல்லியிருந்தேன். ஒன் வீட்டுலயே ராசா மாதிரி ஒண்ணு நிக்கிறப்ப அது எதுக்கு?" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தங்கை பக்கம் திரும்பி, "என்னம்மா, குடுத்துரலாமா?" என்று அவர் எதிரிலேயே கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணே சொன்னா சரி" என்றாள். அவர் எதிரில் வேறென்ன சொல்ல முடியும்?

கல்யாணத்தன்று காலையில் அவன் முதுகில் வெல்வெட்டும் ஜிகினாவும் போட்டார்கள். வயிற்றைச் சுற்றி வாரைத் தங்கையே இறுக்கிக் கட்டினாள். மாப்பிள்ளைப் பையனை ஏற்றினோம். மாப்பிள்ளை ஊர்வலத்தில் பெண் முன்னால் நடப்பது எங்கள் வழக்கமில்லை. ஆனாலும் அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதிரைக்கு இடப்பக்கம் நடந்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பேண்டு செட்டு வாசிக்க ஆரம்பித்ததும் அவன் கழுத்து வில்லாக வளைந்தது. காலைத் தூக்கித் தூக்கி வைத்தான். தெருவில் இரண்டு பக்கமும் ஜனம். எல்லாரும் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். "என்னா கம்பீரம் மாப்ளே" என்று சிநேகிதர் என் தோளைத் தட்டினார். நான் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தேன். அவன் தோல் முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. தொடையிடுக்கில் வேர்வை சோப்பு நுரை மாதிரி திரண்டிருந்தது. தங்கை அவன் காதருகில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஒரு அசம்பாவிதமும் நடக்கவில்லை. மண்டப வாசலில் பையன் இறங்கினான், பேண்டு நின்றது, கூட்டம் உள்ளே போனது. வெறும் தெருவில் தம்பி மட்டும் தலையைத் தூக்கி இங்கும் அங்கும் பார்த்தான். காலால் தரையைத் தட்டினான். சாலை நேராகப் போகிற திசையில் கயிற்றை இழுத்தான். "வா தம்பி, முடிஞ்சுபோச்சு, வா" என்று அவள் சொல்லச் சொல்ல அவனுக்குத் திரும்ப மனமில்லை.

அதன்பிறகு இரண்டு நாள் அவன் சாப்பிடவில்லை. தோப்பு வாசலில் ரோட்டைப் பார்த்தபடியே நின்றான். ஆடு போய் முட்டினாலும் திரும்பவில்லை. மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லை, வயிறும் சரியாக இருக்கிறது என்றார்.

"அவனுக்கு என்னம்மா?" என்று தங்கையிடம் கேட்டேன்.

வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "பந்தயத்துக்கு முந்தி இப்படித்தாண்ணே, சிங்காரிச்சு சனங்க முன்னாடி சுத்திக் காட்டுவாங்க. அது முடிஞ்சா ஓட்டம். ஓடப் போறோம்னு நெனச்சுட்டான். ஓடாமலே எதுக்குத் திரும்பக் கூட்டியாந்தாகன்னு அவனுக்கு வெளங்கல."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேட்ட விதத்துல சொல்ல முடியலண்ணே."

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்று கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. அத்தா பேச்சைச் சாக்காக வைத்து இத்தனை வருடம் இவள் வீட்டு வாசலை மிதிக்காமல் இருந்ததும், சிநேகிதர் எதிரில் இவளிடம் சம்மதம் கேட்டதும் ஒரே குணம்தான் என்று தோன்றியது.

மறுநாள் விடியுமுன் சுபுஹு தொழுதுவிட்டு நேரே தோப்புக்குப் போனேன். அவள் அவனை நடத்திக் கூட்டிப்போகத் தயாராக நின்றாள். "கயித்தக் கொண்டா, நான் நடத்துறேன்" என்றேன். யோசித்துவிட்டுக் கொடுத்தாள்.

"இடது பக்கம் நில்லுங்க. இழுக்காதீங்க. நீங்க நடந்தா அவனும் நடப்பான்."

மாமரங்களுக்கு நடுவில் நானும் அவனும் நடந்தோம். இவ்வளவு பெரிய தலை என் தோளுக்குப் பக்கத்தில் இதுவரை வந்ததில்லை. நாலாவது சுற்றில் அவன் மூக்கை என் உள்ளங்கையில் வைத்து மோந்தான். எத்தனை தேய்த்துக் கழுவினாலும் என் கையில் ஏலக்காய் வாசம் போகாது. நீளமாக ஒரு மூச்சு விட்டான். அன்று அரை வாளி தீனி தின்றான். நான் போகும்போது தங்கை, "நாளைக்கும் வர்றீங்களா?" என்று கேட்டாள். "வர்றேன்" என்றேன்.

அன்றிலிருந்து விடிகாலை நடை என் சோலி ஆகிவிட்டது. அந்தச் சிநேகிதர் இன்னொரு கல்யாணத்துக்குக் கேட்டபோது, "குதிரை என் தங்கச்சிது. அவகிட்டப் போய்க் கேளுங்க" என்றேன். அவர் போய்க் கேட்டார். அவள் முடியாது என்று சொல்லி, டீ கொடுத்து அனுப்பினாள்.

பங்குனி பிறந்ததும் போடி வெயிலை அவன் தாங்கவில்லை. போடிமெட்டுக்கு மேலே மலைச்சரிவில் எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது, அங்கே ஒரு பழைய வீடும் உண்டு. வெயில் தணிகிறவரை அவனை அங்கே வைத்துக்கொள்ளலாமா என்று தங்கை கேட்டாள். லாரியில் அவனையும் ஆட்டையும் ஏற்றி, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் டிரைவரிடம் மெதுவாக என்று கெஞ்சி மேலே கொண்டுபோய்ச் சேர்த்தோம். கீழேயிருந்து ஜீப்பில் வேலைக்கு வரும் பெண்கள் முதலில் பத்தடி தள்ளியே நின்றார்கள். "ஏத்தா, இது கடிக்குமா?" என்று ஒருத்தி கேட்டாள். "வயித்தத் தொட்டா கடிப்பான். மத்தபடி ஒங்களக் கண்டுதான் அவனுக்குப் பயம்" என்றாள் தங்கை. இரண்டு நாளில் அந்தப் பெண்கள் தங்கள் சாப்பாட்டு வாளியிலிருந்து எதையாவது எடுத்து அவனுக்கு நீட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பகலில் நான் மேலே போனேன். மழை தூறி விட்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் புல் சரிவில் அவன் பக்கவாட்டில் சரிந்து, நாலு காலும் நீட்டிக் கிடந்தான். கழுத்து தரையோடு தரையாக இருந்தது. "யா அல்லா" என்று ஓடினேன்.

கல்லின் மேல் உட்கார்ந்திருந்த தங்கை கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். "சத்தம் போடாதீங்கண்ணே. தூங்குறான்."

கிட்டே போய்ப் பார்த்தேன். விலா ஏறி இறங்கியது. மூடிய இமைக்குள் கண் உருண்டது. முன்னங்கால்கள் லேசாகத் துள்ளின, எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தான். அவன் முதுகில் சாய்ந்து ஆடு அசைபோட்டது.

"இத்தனை மாசமும் நின்னுக்கிட்டேதான் தூங்கினான்" என்று அவள் கிசுகிசுத்தாள். "பயமில்லாத எடம்னு தெரிஞ்சாத்தான் குதிரைக இப்படிப் படுக்கும். ஒரு ஆளு காவலுக்கு இருக்கணும்."

நான் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தேன். ஏலச்செடிகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு நான் கேட்டேன், மாப்பிள்ளைக்குக் கடைசியில் எப்படி இருந்தது என்று. அவள் ஊருக்கு வந்த இத்தனை மாதத்தில் நான் கேட்டிருக்கவில்லை. அவள் முதலிலிருந்து சொன்னாள். எந்த ஆஸ்பத்திரி, என்ன சொன்னார்கள், எந்த நாள் எழுந்து உட்கார்ந்தார், என்ன சாப்பிடக் கேட்டார், எல்லாம். குதிரையை எழுப்பிவிடாதபடி குரலை உயர்த்தாமலே சொன்னாள். நடுவில் ஒருதரம் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சொல்லி முடித்து, "இவன் இப்பத்திக்கு எந்திரிக்க மாட்டான். ஒங்களுக்குச் சோலி இருந்தா வெரசாப் போங்கண்ணே, கீழ போற ஜீப்பு போயிரும்" என்றாள்.

"சோலி ஒண்ணுமில்ல" என்றேன்.

ஜீப் போனது. நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.