மணி அடித்ததும் எழுந்தோம்

சென்னை பெசன்ட் நகர் கடற்கரை, 1975. விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறேன். பக்கத்தில் தாமஸும் கோபாலும். அங்கே பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் மூவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். தளத்தை மூடியதும் இவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள்.

சனிக்கிழமைகளில் தளத்துக்கு வெளியே பீர்க்கடையில் உட்காருவோம். சங்கு ஊதினால் மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஓட வேண்டும், கேட்டைப் பூட்டிவிடுவார்கள். இங்கே மதுவிலக்கு, டீக்கடை பெஞ்சில் டீதான்.

கரையோரத்து வேளாங்கண்ணி மாதா கோயில் மணி அடிக்கிறது. மூவரும் கொதிக்கிற டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து நிற்கிறோம்.

"இன்னா நைனா, அதுக்குள்ள கெளம்பிட்டீங்க? எங்க போவணும்?" என்கிறார் டீக்காரர்.

"எங்கயும் இல்லப்பா," என்கிறான் கோபால், கடலைப் பார்த்தபடி.

திரும்ப உட்கார மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை.