சர்ச் கூரையில் ஈரச் சாக்கு

சூடு ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போகிறது என்பதை ஆவடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். கொதிக்கும் குழாய்களோடு மல்லுக்கட்டி டாக்டர் பட்டம் வாங்கியவன். வீட்டில் ஃபேன் மெதுவாகச் சுற்றினால்கூட என்னிடம்தான் விளக்கம் கேட்பார்கள். நானும் கூச்சமே இல்லாமல் சொல்லுவேன். அந்தத் திமிர் தங்கையின் கல்யாணத்தில் போய் நின்றது.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்களில் எங்கள் சர்ச்சில் கல்யாணம் கிடையாது. அதனால் அவள் கல்யாணம் ஈஸ்டர் கழிந்து, கொளுத்துகிற வெயிலில் வந்து விழுந்தது. பெரியவர்கள் பார்த்த மாப்பிள்ளை. அவரோடு இரண்டே முறை பேசியிருந்தாள், அதுவும் சுற்றிலும் ஆட்களை வைத்துக்கொண்டு. எல்லாவற்றுக்கும் தலையாட்டியவள் ஒன்றை மட்டும் கேட்டாள்: சின்ன வயதிலிருந்து தான் பாடிய திருமுல்லைவாயில் சர்ச்சில்தான் தாலி கட்ட வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்ன சர்ச் அது. அந்த அனலில் யாராவது மயங்கி விழுந்தால் பெண்ணின் பிடிவாதம்தான் காரணம் என்று பாடியிலுள்ள வீட்டிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா போனிலேயே சொல்லிவிட்டார். தங்கையின் முகம் செத்துப்போயிற்று. போகிற வீட்டில் முதல் நாளே கெட்ட பெயரா?

"நான் இருக்கேன்ல" என்றேன். வேறு யாராவது இருந்திருக்கலாம்.

தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். மண்பானையும் நம் வியர்வையும் செய்வது அதைத்தான். கூரைமேல் சாக்குகளைப் பரப்பி நனைத்துவிட்டால் போதும் என்று போதகருக்குப் படம் வரைந்து விளக்கினேன். அந்த மனுஷர் ஜெபம் பண்ணித்தான் என்னை நிறுத்த வேண்டியிருந்தது. அம்பத்தூர் மளிகைக் கடைகளில் சாக்கு பொறுக்கினேன். கல்யாணத்தன்று மத்தியானம் எல்லாவற்றையும் நனைத்துவிட்டு, சூடு அளக்கும் கருவியை நீட்டிக் கூரையின் அடிப்பக்கத்தை அளந்தேன். சூடு சர்ரென்று இறங்கியிருந்தது. உள்ளே வந்த மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த விசிறியை மடித்துப் பையில் வைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சூட்டைக் கணக்குப் போட்ட மகானுபாவன் கூரையின் போல்ட் ஓட்டைகளைப் பார்க்கவில்லை. இந்தக் கல்யாணத்துக்குத் தடை சொல்கிறவர்கள் இப்போது சொல்லலாம் என்று போதகர் அறிவித்து நிறுத்தினார். டொப். தங்கையின் வெள்ளைப் புடவைத் தோளில் டீ நிறத்தில் ஒரு சொட்டு. பின்னாலேயே இன்னொன்று. லேசாகப் புளி வாடை வேறு. அவள் அசையவில்லை, கழுத்து மட்டும் விறைத்தது. மாப்பிள்ளையின் அம்மா கூரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அங்கேயே ஆவியாகிப் போய்விடலாம் போலிருந்தது.

மாப்பிள்ளை பாட்டுப் புத்தகத்தை விரித்து அவள் தலைக்கு மேலே பிடித்தார். தாலி கட்ட இரண்டு கையும் வேண்டுமே, அப்போது புத்தகத்தைத் தன் அம்மாவிடம் நீட்டினார். அந்தம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, எழுந்து வந்து பிடித்துக்கொண்டார்.

போட்டோ எடுக்கும்போது, கறையோடு நின்றவளிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"இவங்க ஊட்ல எல்லாம் எப்படி இருப்பாங்களோன்னு பயந்துகினே இருந்தேண்ணா" என்றாள் என் காதோடு. "இப்ப பயம் இல்ல."

எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. பக்கத்தில் நின்ற சித்தப்பா என் ஈரக் கன்னத்தைப் பார்த்தார், பிறகு கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, என்னை இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னார்.