அவன் பேரில் நான் வேண்டிய நடை

கார்கில் குளிரில் பேனா மை இறங்காது. அதனால் 1999 ஜூன் மாதக் குறிப்புகள் முழுவதும் என் பாக்கெட் நோட்டில் பென்சிலால்தான் இருக்கின்றன. எங்கள் ஊர் நகரியில் என் வயதுக்காரர்கள் குவைத்துக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். நான் ராணுவத்தில் ஹவில்தார். மேலே சண்டையில் இருந்தவர்களுக்குக் குண்டுப்பெட்டியும் தண்ணீரும் சுமந்துபோவது எங்கள் வேலை.

அன்று வியாழக்கிழமை. மூன்று பேர் ஏறினோம். காலை 6.40க்குப் பீரங்கி ஷெல் விழுந்தது. முன்னால் போன, வடக்கே கட்வால் மலைக்காரர் தேவேந்தர் அங்கேயே இறந்துவிட்டார். சிப்பாய் முனிரத்தினத்துக்கு இடது பாதம் சிதைந்துபோனது. அவன் எங்கள் ஊர்ப் பக்கம்தான், கங்காதர நெல்லூர்க்காரன்.

அவனை ஒரு பாறைக்குப் பின்னால் இழுத்துப் போட்டேன். அசைந்தால் எதிரி முகட்டிலிருந்து சுட்டார்கள். இறங்க இருந்த ஒரே வழி திறந்த சரிவு. 11.15க்கு அவன் சொன்னான்: "நீ போண்ணா. ஊட்ல போய் சொல்றதுக்கு ஒருத்தனாச்சும் வோணும்ல."

நான் போகவில்லை. அழவும் இல்லை. பெருமாளோடு சண்டை போட்டேன். "ஏழுமலையானே, ஒருத்தர எடுத்துக்கினே. இவன உடமாட்டேன். எங்கள எறக்கி உடு. ரெண்டு பேரும் அலிபிரியிலருந்து நடந்தே உன் மலை ஏர்றோம்" என்று வாய்விட்டே சொன்னேன்.

11.50க்குச் சரிவில் மூடுபனி இறங்கியது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. அவனை முதுகில் கட்டிக்கொண்டு, அடிக்கொரு கோவிந்தா சொல்லி இறங்கினேன். கீழ் முகாமைத் தொட்டபோது மணி 12.35. சற்று நேரத்தில் வெயில் அடித்தது. தேவேந்தரின் உடலை மறுநாள் கொண்டுவந்தார்கள்.

மருத்துவமனையில் முனிரத்தினத்தின் பாதத்தை எடுத்துவிட்டார்கள். அப்போதுதான் என் தவறு உறைத்தது. அவனைக் கேட்காமல் அவன் பேரிலும் நடை வேண்டியிருக்கிறேன். கட்டிலருகே நின்று சொன்னேன்: "உன் பங்குக்கும் நானே இன்னொரு தபா ஏறிட்றேன்டா."

"அதெப்டிண்ணா? எம் பேர்ல வேண்டிக்கினே. நான்தான் ஏறணும்."

மறு வருடம் புரட்டாசியில் செயற்கைக் காலோடு வந்தான். மலையடிவாரத்து அலிபிரியில் பூ விற்ற அம்மாள் அந்தக் காலைப் பார்த்துவிட்டு, "பஸ்ஸு போவுதே நைனா. சாமி ஒண்ணும் கோச்சுக்காது" என்றாள்.

"சாமி கோச்சுக்காதும்மா. நான் கோச்சுக்குவேன்" என்றான்.

படிதோறும் மஞ்சளும் குங்குமமும் வைத்தோம். எங்களுக்காக ஒரு பொட்டு, தேவேந்தருக்காக ஒரு பொட்டு. அவரை ஏன் காப்பாற்றவில்லை என்று ஒவ்வொரு படியிலும் பெருமாளைக் கேட்டேன். இன்றும் கேட்கிறேன்.

முழங்கால் முறிச்சான் ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்துவிட்டேன். நாலு படி மேலே நின்று அவன் திரும்பிப் பார்த்தான்.

"இன்னாண்ணா, நான் தூக்கிக்கினு போவட்டா?"

அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவறவிடவில்லை. அந்த மூடுபனிக்கு நன்றி சொல்லத்தான் ஏறுகிறோம். எந்தக் கஷ்டத்திலும் நான் இப்போது ஒடுங்கிப்போவதில்லை. இந்தப் புரட்டாசி முதல் சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு அலிபிரி முதல் படியில் நிற்போம். துன்பத்தில் இருப்பவர்கள் வாருங்கள். அழுதுகொண்டுதான் வர வேண்டும் என்பதில்லை, கோபத்தோடும் வரலாம். பெருமாள் தாங்கிக்கொள்வார். குங்குமம் நாங்கள் கொண்டுவருகிறோம்.