மகளுக்காகக் கட்டிய பேனர்

ஆராய்ச்சி மாணவியான என் மகளுக்குக் கல்லூரிக்குள் நடந்த, ஆய்வு முடிவுகளைப் போஸ்டராக வைக்கும் போட்டியில் முதல் பரிசு. பெருமை தாங்காமல், அவள் தன் போஸ்டரோடு நிற்கும் படத்தை ஃப்ளெக்ஸ் அடித்து, பெருங்களத்தூரில் எங்கள் அப்பார்ட்மென்ட் வாசலில் கட்டினேன்.

மறுநாள் காலை ஓர் இளைஞன் அதை மொபைலில் படமெடுத்துக்கொண்டிருந்தான். மகளின் முகத்தை அல்ல. பின்னாலிருந்த வரைபடங்களை, ஒவ்வொன்றாக.

"யாருப்பா நீ?"

"சும்மாதான் சார்" என்று பைக்கில் ஏறிப் போய்விட்டான்.

சொன்னதும் மகள் பதறினாள். "பேப்பர் இன்னும் பப்ளிஷ் ஆகலப்பா. யாராவது முந்திக்கிட்டா மூணு வருஷ வேலை போச்சு. என் பேரைப் போட்டா போதாதா? ரிசல்ட்டை எதுக்கு ரோட்ல மாட்டினீங்க?"

உடனே பேனரை அவிழ்த்தேன். அவன் யாரென்று இன்றுவரை தெரியாது. இப்போதெல்லாம் அவளிடம் காட்டாமல் எந்தப் படத்தையும் வெளியே விடுவதில்லை. வாழ்த்துச் சொல்ல வருபவர்களிடமும், "நீங்க எந்த காலேஜ்?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.